கெளுத்திக்குக் கைடு பிடிப்பதென்றால்: மிதந்து போகும் படகா, நங்கூரமிட்ட படகா?

அப்பா முக்கொம்பு பக்கம் வளர்ந்தவர். காவிரியில் தண்ணீர் வரும் மாதங்களில், பள்ளிக்கூடம் விட்டதும் மண்புழு தோண்டி எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விடுவாராம். கெளுத்தி, தேளி, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு வாளை. போன வருடம் மார்ச்சில் அமெரிக்காவில் வட கரோலினாவின் சார்லட்டுக்கு எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்தார். கோயில், கடைத்தெரு எல்லாம் பார்த்து முடித்த மூன்றாவது வாரம் கேட்டார்: "ஏன்டா, இந்த ஊர்ல ஆறு குளம் எதுவும் இல்லையா?"

அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் ஐந்து முறை கெளுத்திக்குப் போனேன். மூன்று முறை அப்பாவோடு, இரண்டு முறை நண்பர்களோடு. கைடு என்றால் இங்கே காசு வாங்கிக்கொண்டு தன் படகில் மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறவர். கைடு இல்லாமல் ஒரு முறை, நான்கு விதமான கைடுகளோடு நான்கு முறை. கரோலினா, வர்ஜீனியா பக்கம் இருந்துகொண்டு முதல் முறையாகக் கைடு வைக்க நினைப்பவர்களுக்காக இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

இடம் பெரும்பாலும் தென் கரோலினாவின் சான்டீ கூப்பர். மேரியன், மோல்ட்ரி என்று இரண்டு ஏரிகள், நடுவில் ஒரு கால்வாய். சார்லட்டிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். இரண்டும் மின்சாரத்துக்காக 1939-இல் தொடங்கி 1940களின் தொடக்கத்தில் கட்டி நிரப்பிய நீர்த்தேக்கங்கள். சேனல் கேட் என்னும் கெளுத்தி வகையில் இன்றுவரை உலக சாதனையாக இருக்கும் 58 பவுண்டு மீன் 1964-இல் இங்கேதான் பிடிபட்டது. அதை ஒட்டிய வருடங்களில் நீலக் கெளுத்தியைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது ஏரியில் பெரிய மீன் என்றால் அதுதான். மூன்றாவது வகை ஃபிளாட்ஹெட், தட்டைத்தலைக் கெளுத்தி. இந்த மூன்றும் மூன்று குணம். எதைத் தேடிப் போகிறோம் என்று தெரியாமல் கைடுக்குப் போன் போட்டால் பாதிப் பணம் வீண்.

முதலில் கைடு இல்லாமல் போன கதை. ஏப்ரல் தொடக்கத்தில் மேரியன் ஏரிக்கரையில் சான்டீ மாநிலப் பூங்காவில் தங்கினோம். அங்கே தண்ணீருக்கு மேலேயே தூண்களில் நிற்கும் குடில்கள் உண்டு. கடையில் கோழி ஈரல் வாங்கி, சின்ன ஈயக்குண்டு கட்டிக் கீழே விட்டோம். மாலைக்குள் உள்ளங்கை நீளத்திலிருந்து முழங்கை நீளம் வரை எட்டு சேனல் கேட். அப்பாவுக்கு அதுவே போதும் போலிருந்தது. செலவு என்று பார்த்தால் குடில் வாடகை, இரை, மீன்பிடி உரிமம், அவ்வளவுதான். 16 வயது ஆன எல்லோருக்கும் அந்த உரிமம் வேண்டும். வெளி மாநிலத்தாருக்குச் சில நாட்களுக்கு மட்டும் செல்லும் உரிமமும் உண்டு, இணையத்திலேயே வாங்கலாம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கைடே வேண்டாம்.

தப்பு செய்தது மறுநாள். ஆசை விடவில்லை, ஒரு படகை வாடகைக்கு எடுத்தேன். மேரியன் ஏரியின் அடியில் ஒரு காடு இருக்கிறது. போர்க்கால அவசரத்தில் மரங்களை முழுவதும் வெட்டி முடிக்காமலே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். அதனால் ஆறு வந்து சேரும் மேல் பகுதியில் செத்த மரங்கள் இன்றும் நின்றுகொண்டிருக்கின்றன. தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே அடிமரக் கட்டைகள். அரை மணி நேரத்தில் இரண்டு முறை கட்டையில் இடித்தோம். இரண்டாவது இடியில் அப்பா விளிம்பைப் பிடித்துக்கொண்ட விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எழுபத்தோரு வயது மனிதரை ஏன் இப்படிக் கூட்டி வந்தேன் என்று ஆகிவிட்டது. திரும்பிவிட்டோம். இந்த ஏரியை அறியாதவர் தனியாகப் படகு ஓட்டுவதென்றால் மோல்ட்ரியில் ஓட்டுங்கள், அதில் மரங்களைப் பெரும்பாலும் வெட்டிவிட்டார்கள். மேரியனின் மேல் பகுதிக்குக் கைடு என்பது மீனுக்காக இல்லை, உயிருக்காக.

இனி கைடுகள்.

முதலில் வைத்தவர் நங்கூரக்காரர். பெரிய மீன் மட்டும்தான் பிடிப்பேன் என்று விளம்பரம் செய்கிறவர்களில் ஒருவர். சோனார் திரையில் ஆழத்தின் விளிம்பைப் பார்த்துப் படகை நிறுத்தி, ஷாட் என்னும் இரை மீனை வெட்டிப் பெரிய துண்டுகளாக முள்ளில் கோர்த்து, எட்டு தூண்டில் கம்புகளை விசிறி மாதிரி விரித்து வைத்தார். பிறகு காத்திருப்பு. கெளுத்தி வாசனை பிடித்துத் தேடி வர வேண்டும். நாற்பது நிமிடத்தில் வரவில்லை என்றால் நங்கூரத்தைத் தூக்கி அடுத்த இடம். முறை சரியானதுதான். ஐந்து மணி நேரத்தில் மூன்று முறை கடித்தது. மூன்று முறையும் அவரே பாய்ந்து போய்க் கம்பைத் தூக்கி, மீன் சரியாக மாட்டிய பிறகு அப்பா கையில் கொடுத்தார். அப்பா நரம்பைச் சுற்றினார், படம் எடுத்தார்கள், மீனை விட்டார்கள். திரும்பி வரும்போது காரில் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அவன் புடிச்ச மீனை நான் தூக்கி நின்னுருக்கேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் எனக்குக் கைடு தேடும் விதத்தையே மாற்றியது. அன்றிலிருந்து போனில் நான் கேட்கும் முதல் கேள்வி விலை இல்லை. "கம்பை ஹோல்டரிலிருந்து எடுப்பது யார், நீங்களா, நாங்களா?" இதற்குத் தயங்குகிறவர் வேண்டாம்.

இரண்டாவது கைடு மோல்ட்ரியில் மிதந்து பிடிப்பவர். மே மாதம். படகை நிறுத்துவதே இல்லை. காற்றில் விட்டோ, மின்மோட்டாரைக் கொஞ்சமாக ஓட்டியோ, மணிக்கு அரை மைல் வேகத்தில் நகர்த்திக்கொண்டே இருக்கிறார். காற்று கூடினால் துணிப்பை ஒன்றைத் தண்ணீரில் இறக்கி வேகத்தைக் குறைக்கிறார். இரை அடியில் இழுபட்டால் கட்டையிலும் சிப்பியிலும் மாட்டுமே என்று கேட்டேன். தூண்டிலைக் காட்டினார். ஈயம் தரையை உரசிக்கொண்டு வருகிறது. அதற்குப் பின்னால் வரும் நரம்பில், முள்ளுக்குச் சற்று முன்னால் ஒரு சின்னத் தக்கை. அது இரையைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது. இதற்குப் பெயரே சான்டீ ரிக். அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் காலத்தில் மயிலிறகுத் தண்டு மிதப்பு. மிதப்பைத் தண்ணீருக்குள் வைப்பது அவருக்குப் புதிது.

அன்றைக்கு இரை ஹெர்ரிங் மீன். வசந்தத்தில் கடலிலிருந்து கூப்பர் ஆற்றில் ஏறி, பினோபொலிஸ் அணையின் படகுப் பூட்டு (லாக், தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கும் கதவறை) வழியாக இந்த மீன் ஏரிக்குள் வருகிறது. படகுகளை ஏற்றி இறக்கக் கட்டிய பூட்டு மீனையும் ஏற்றி விடுகிறது. வீச்சு வலை போட்டு அதிகாலையிலேயே பிடித்து வைத்திருந்தார். உறையவைத்த இரை கொண்டுவரும் கைடும் புது இரை கொண்டுவரும் கைடும் ஒன்றல்ல. இதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பிரச்சினை வந்தது முள்ளில். இங்கே கெளுத்திக்கு வட்ட முள், சர்க்கிள் ஹூக்தான் போடுகிறார்கள். மீன் இரையை எடுத்துக்கொண்டு திரும்பி நகரும்போது முள் தானாகவே வாயோரத்தில் சுழன்று ஏறும். நாம் வெடுக்கென்று சுண்டினால் வழுக்கி வெளியே வந்துவிடும். அறுபது வருடமாகச் சுண்டிச் சுண்டிப் பழகிய கை. முதல் இரண்டு மீன் போய்விட்டது. "சுண்டாம எப்படிடா மீன் வரும்?" கைடு பொறுமையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மொழி தெரியாது, கையால் காட்டினார். கம்பு வளையட்டும், இன்னும் வளையட்டும், இப்போது சுற்றுங்கள். மூன்றாவது மீன் ஏறியது. மதியத்துக்குள் பதினொன்று. பெரியது 22 பவுண்டு. அதை அப்பாவே கம்பைத் தூக்கி, அப்பாவே சுற்றி, துடுப்போரத்து முள் குத்தாமல் பிடிக்கும் பிடியில் தூக்கினார். அதைப் பார்த்த கைடு கையைத் தட்டினார்.

நங்கூரமா மிதவையா என்று கேட்டால், முதல் முறை போகிறவருக்கும் வயதானவருக்கும் மிதவைதான். கடி அதிகம், சும்மா உட்காரும் நேரம் குறைவு, கற்றுக்கொள்ள வாய்ப்பு அதிகம். வாழ்நாள் மீன் ஒன்றுதான் வேண்டும், நாள் முழுவதும் ஒன்றுமில்லாமல் போனாலும் சரி என்கிறவருக்கு நங்கூரம்.

ஃபிளாட்ஹெட் வேறு உலகம். அது செத்த இரையை அவ்வளவாகச் சீண்டாது, உயிர் மீன்தான் வேண்டும். கோடைக்கால இரவில், மரக்கட்டைகளை ஒட்டி, விளக்கை அணைத்துக் காத்திருக்க வேண்டும். ஜூலையில் ஒரு நண்பரோடு இரவு எட்டு மணிக்குப் படகேறி இரண்டு மணிக்கு இறங்கினோம். ஒரு மீன் 31 பவுண்டு, ஒன்று கட்டையில் சுற்றி அறுத்துக்கொண்டு போனது. கொசு அதிகம், தூக்கம் போகும். அப்பாவைக் கூட்டிப்போகவில்லை.

பிறகு ஜேம்ஸ் ஆறு. வர்ஜீனியாவில் ரிச்மண்டுக்குக் கீழே கடல் ஓதம் ஏறி இறங்கும் பகுதி. 1970களில் அங்கே விட்ட நீலக் கெளுத்தி பெருகி, இப்போது அதை ஊறு செய்யும் அயல் மீன் என்கிறார்கள். உலக சாதனையான 143 பவுண்டு நீலக் கெளுத்தி 2011-இல் பிடிபட்ட கெர் ஏரியும் அதே மாநிலத்தில், வட கரோலினா எல்லையில்தான் இருக்கிறது. ஜேம்ஸில் பெரிய மீனுக்குக் குளிர்காலம். ஜனவரியில் மூன்று பேர் போனோம். கைடு முழுக்க முழுக்க ஓதத்தைப் பார்த்தே வேலை செய்தார். தண்ணீர் ஓடும்போது மீன் தின்னும், நின்றுவிட்டால் நிறுத்திவிடும். ஆறு மணி நேரத்தில் நான்கு கடி, ஒன்று 46 பவுண்டு. அவ்வளவு பெரிய நன்னீர் மீனை நான் தொட்டதே இல்லை. குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது, ஆனாலும் அதை விடும்போது கொஞ்ச நேரம் வாலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் ஜேம்ஸ் மீன் குழம்புக்கு இல்லை. அந்த ஆற்றின் அடிமண்ணில் பழைய ஆலைக் கழிவு இருக்கிறது. ஹோப்வெல் என்ற ஊரில் கெபோன் என்னும் பூச்சிமருந்தை ஆற்றில் விட்ட விவகாரம் 1975-இல் வெளியே வந்து, பல வருடம் மீன்பிடித் தடையே இருந்தது. இப்போதும் வேறு ரசாயனங்களுக்காக, பெரிய நீலக் கெளுத்தியைச் சாப்பிட வேண்டாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை சொல்கிறது. பல வருடம் வாழ்ந்து, மற்ற மீன்களைத் தின்று கொழுத்த மீனில்தான் நஞ்சு அதிகம் சேரும். இந்த விதி எந்த நீருக்கும் பொருந்தும். சாப்பிட எட்டு பவுண்டுக்குக் கீழே உள்ளதை எடுங்கள், பெரியதை விடுங்கள். சான்டீ கூப்பரில் பெரிய நீலக் கெளுத்தியை ஒரு நாளைக்கு எத்தனை எடுக்கலாம் என்பதற்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது.

சாப்பாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் கைடிடம் இன்னொன்று சொல்ல வேண்டும். இவர்கள் மீனைச் சுத்தம் செய்து தருவார்கள், பலர் அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை. ஆனால் இரண்டு பக்கத்துச் சதையை மட்டும் சீவி எடுத்துக்கொண்டு, தலையையும் நடுமுள்ளையும் தொட்டியில் போட்டுவிடுவார்கள். மோல்ட்ரி போன அன்றைக்கு அப்பா ஓடிப்போய்த் தடுத்தார். தலை எங்களுக்கு வேண்டும் என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், ஐஸ்பெட்டியும் பெரிதாகக் கொண்டுபோங்கள்.

விலையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. எல்லோருமே ஆளுக்கு இவ்வளவு என்று இல்லாமல் படகுக்குச் சில நூறு டாலர் என்றுதான் சொன்னார்கள், வித்தியாசம் பெரிதாக இல்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் சமாளிக்கலாம். இதற்கு மேல் டிப்ஸ் 15 முதல் 20 சதவீதம் இந்த ஊர் வழக்கம். பெரிய நீர்வழிகளில் பணம் வாங்கி ஆள் ஏற்றுகிறவருக்குக் கடலோரக் காவல்படையின் கேப்டன் உரிமம் இருக்க வேண்டும். ஆறு பயணிகள் வரை ஏற்றலாம் என்பதால் 'சிக்ஸ் பேக்' என்பார்கள். உரிமமும் காப்பீடும் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம், நல்ல கைடு கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெரியவர்களைக் கூட்டிப்போனால் படகின் வகையும் முக்கியம். நங்கூரக்காரருடையது வேகப் படகு. ஏறி இறங்கக் கஷ்டம், நிழல் இல்லை, கழிப்பிடமும் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை. ஐந்து மணி நேரம் அவர் பட்ட சிரமத்தை அவர் சொல்லவே இல்லை, நான்தான் பின்னால் புரிந்துகொண்டேன். மிதவைக் கைடு வைத்திருந்தது பான்டூன் படகு. தட்டையான தளம், மேலே கூரை, திரை போட்ட ஒரு மூலையில் சிறிய கழிப்பிடம். மீனைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் இதைத்தான் நான் விசாரித்திருக்க வேண்டும்.

அப்பா அடுத்த மார்ச்சில் மறுபடி வருகிறார். மோல்ட்ரி கைடிடம் ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள் சொல்லிவைத்துவிட்டேன், ஹெர்ரிங் ஏறி வரும் நேரம். போன வாரம் போனில் அப்பா ஒன்று கேட்டார்: தானே ஊரிலிருந்து மயிலிறகுத் தண்டில் மிதப்பு செய்து கொண்டுவந்தால், அந்தத் தம்பி ஒரு கம்பிலாவது கட்ட விடுவாரா? கைடுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். கொண்டுவரச் சொல்லிவிட்டார்.