எம்எம்பி-9 ஆன்டிபாடி: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

கோலாலம்பூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓடுவது மூக்குத்தொண்டைப் புற்றுநோய் வேலை. மலேசியாவில் சீனர்களிடமும் சரவாக்கின் பிடாயு மக்களிடமும் கூடுதலாகக் காணப்படும் நோய் இது. எப்ஸ்டீன்-பார் வைரஸின் எல்எம்பி-1 புரதம் எம்எம்பி-9 நொதியைப் பெருக்கிவிடும். அந்த நொதி அடித்தளச் சவ்வின் நான்காம் வகைக் கொலாஜனை வெட்டும். கட்டிச் செல்கள் வெளியேற வழி பிறக்கும். அதனால் இந்த நொதியைப் பிடித்துக் காட்டும் எம்எம்பி-9 ஆன்டிபாடி எங்கள் ஃபிரிட்ஜில் தீர்ந்ததே இல்லை.

நான் சொல்லப்போவது முயலில் தயாரித்த பாலிகுளோனல் பற்றி, அதாவது பல ஆன்டிபாடிகளின் கலவை பற்றி. புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு, என் கணிப்பில், நல்ல சரக்கு. மனிதச் செல்களில் 92 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) நொதியின் செயல்படாத முன்வடிவம் பளிச்சென்று ஒரு பேண்டாக (பட்டையாக) வரும். நொதி செயல்வடிவத்துக்கு மாறியிருந்தால் அதற்குச் சற்றுக் கீழே இன்னொரு பேண்ட். சுண்டெலி மாதிரியை ஓட்டிய ஜூனியர் ஒருத்தி, "அக்கா, பேண்ட் மேல நிக்குது, ஆன்டிபாடி கெட்டுப்போச்சா?" என்று பதறிக்கொண்டு வந்தாள். கெடவில்லை. சுண்டெலியின் முன்வடிவமே சுமார் 105 கிலோடால்டன்.

பேண்ட் வரவில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் செல்லை உடைத்த கரைசலில் தேடுகிறார்கள். இது செல் வெளியே சுரந்துவிடும் நொதி. ஊடகத்தில்தான் பார்க்க வேண்டும். அதுவும் சீரம் இல்லாத ஊடகத்தில். மாட்டுச் சீரத்திலேயே எம்எம்பி-9-உம் அதன் இன நொதியான எம்எம்பி-2-உம் இருக்கின்றன. ஊடகத்தைச் செறிவாக்கி ஓட்டினால் செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் புரதத்தை ஒப்பீட்டுக்கு வைக்க முடியாது. செல் எண்ணிக்கையும் மொத்தப் புரதத்தைக் காட்டும் பான்சோ சாயமும்தான் கைகொடுக்கும். நோயாளி ரத்தம் என்றால் சீரம் வேண்டாம், பிளாஸ்மா எடுங்கள். உறையும்போது வெள்ளணுக்கள் தங்கள் கையிருப்பைச் சீரத்தில் கொட்டிவிடும். ஜெலட்டின் ஜெல்லும் (நொதி ஜெலட்டினைக் கரைக்கும் இடத்தைக் காட்டும் சைமோகிராஃபி) ஓட்டுவதாக இருந்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ குழாய் வேண்டாம். நொதிக்குத் தேவையான உலோக அயனிகளை அது பிடித்துவிடும்.

திசுச் சீவல்களில் என் திருப்தி பாதிதான். சாயம் பிடிக்கிறது, ஆனால் எதில்? நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களின் துகள்களில் இந்த நொதி நிறைந்திருக்கும். அழற்சி மிகுந்த கட்டியில் பழுப்பு நிறம் வாரி இறைத்தாற்போலத் தெரியும். அதையெல்லாம் கட்டிச் செல்லின் கணக்கில் எழுதினால் முடிவு தலைகீழாகும். பக்கத்தில் பேத்தாலஜிஸ்ட் இல்லாமல் நான் மதிப்பெண் போடுவதில்லை. ஒரு நன்மையும் உண்டு: நியூட்ரோஃபில்லில்கூடச் சாயம் பிடிக்கவில்லையென்றால் அந்தச் சீவலே செல்லாது.

மனக்குறை ஒன்றுதான். லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறியபோது தன்மையும் மாறியது. பழைய லாட்டில் 1:1000 நீர்ப்பில் சுத்தமாக வந்தது. புதியதில் பின்னணி கருத்து, கீழே பெயர் தெரியாத பேண்டுகள் முளைத்தன. வேறு முயல், வேறு ஆன்டிபாடிக் கலவை. பாலிகுளோனலின் சுபாவமே அது. பின்னணியை அடக்கப் பாலுக்குப் பதில் பிஎஸ்ஏ (மாட்டு ஆல்புமின் புரதம்) போட்டுப் பார்த்தும் ஓரளவுதான் தெளிந்தது. ஸ்டாக் இல்லையென்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சீனப் புத்தாண்டு, ஹரி ராயா நெருங்கினால் இன்னும் இழுக்கும். அதனால் குப்பி தீரும் முன்பே ஆர்டர் போட்டு, பழையதையும் புதியதையும் ஒரே மாதிரியில் பக்கம்பக்கமாக ஓட்டிவிடுகிறோம்.

இன்னொன்று. பேண்ட் தடிமனாக வந்ததும் "நொதியின் செயல்பாடு கூடியது" என்று எழுதிவிடாதீர்கள். ஆன்டிபாடி காட்டுவது அளவையும் வடிவத்தையும் மட்டுமே. ஜெலட்டின் சைமோகிராஃபி இதைவிட நுட்பமானது, எம்எம்பி-2-ஐயும் அதே ஜெல்லில் காட்டும். ஆனால் ஜெல்லில் உள்ள எஸ்டிஎஸ் என்னும் சோப்பு போன்ற பொருள் பட்டதும் முன்வடிவமும் ஜெலட்டினைக் கரைக்கும், டிம்ப்-1 என்னும் தடுப்பானும் கழன்றுவிடும். அதனால் அதுவும் உடலுக்குள் நடக்கும் நிஜச் செயல்பாடு ஆகாது. நாங்கள் இரண்டையும் சேர்த்தே ஓட்டுகிறோம். செயல்பாடுதான் கேள்வி என்றால் நொதி வெட்டினால் ஒளிரும் அடிமூலக்கூறை வைத்துத் தனியாக அளக்கிறோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முயல் ரீகாம்பினன்ட் மோனோகுளோனலை (மரபணுவைக் கொண்டு தயாரிக்கும், ஒரே வகை ஆன்டிபாடி) வாங்கலாம். விலை கொஞ்சம் கூடினாலும் லாட் தொல்லை குறைவு. எங்கள் அடுத்த ஆர்டரும் அதுதான். மிச்சமிருக்கும் பாலிகுளோனல் மாணவர் பயிற்சிக்குப் போகும்.