ஞாயிறு ரொட்டி சானாய்க்கு அந்தக் கடைக்குப் போகலாமா?

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் வந்தால் பசியாற எங்கே போகலாம் என்று நண்பர் கேட்டார். எஸ்டேட் ஆட்கள் எல்லாரும் கைகாட்டும் அந்தக் குடும்பக் கடைக்கு நான் பல வருட வாடிக்கை. மற்ற நாள் போங்கள், ஞாயிறு வேண்டாம்.

காரணம் ஒன்றுதான்: ரொட்டி சானாயை, அதாவது பரோட்டா மாதிரி வீசிப் போடும் ரொட்டியை, அன்றைக்கு முன்கூட்டியே சுட்டு அடுக்கி வைக்கிறார்கள்.

மாவில் குறை சொல்ல முடியாது. முதல் நாளே பிசைந்து, 80, 90 கிராம் உருண்டைகளாக உருட்டி, எண்ணெய் தடவி இரவு முழுக்க ஊறவிடுகிறார்கள். அப்படி ஊறினால்தான் மாவின் இறுக்கம் தளர்ந்து, வீசும்போது கிழியாமல் விரியும். கடைக்காரர் மகனின் வீச்சும் அருமை. இவ்வளவு உழைப்பும் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பாழாகிறதே என்றுதான் ஆத்திரம்.

கோயில் கூட்டம் வருமுன்பே இருபது, முப்பது சுட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மூடிவிடுகிறார்கள். ஆவி வெளியேற வழியில்லாமல் மேல்தோல் நமத்துவிடும். ஆர்டர் வந்ததும் மறுபடி கல்லில் சூடு காட்டுவார்கள். அதில் மிச்ச ஈரமும் போய், பிய்த்தால் ரப்பர் ஒட்டுப்பால் மாதிரி இழுக்கிறது. அடுக்கு பிரியக் கையால் தட்டுவது முதல் சூட்டில்தான் பலிக்கும். இரண்டாவதில் தட்டினால் ஓரம் நொறுங்கும், நடு அப்படியே கிடக்கும்.

வீசி மடித்த பச்சை ரொட்டியை எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி வைக்கலாமே! கால் மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் கல்லில் ஒரே நேரத்தில் ஆறு வேகும், சுற்றுக்கு நான்கு நிமிடம். மணிக்குத் தொண்ணூறு ரொட்டி. இருக்கிற மேசைகளுக்கு அது தாராளம். கல்லாவில் இருக்கும் அக்காவிடம் சொன்னால், "கூட்டம் காத்திருக்காதுங்க" என்கிறார். நல்ல ரொட்டிக்கு நான்கு நிமிடம் யாரும் காத்திருப்பார்கள்.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலைப் பசியாறும் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், இழுத்து ஆற்றும் டீயான தே தாரேக்கோடு ரொட்டி சானாயும் அதில் உண்டு. அந்தப் பத்திரிகைச் செய்தி கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. அதன் எதிரே உட்கார்ந்து நமத்த ரொட்டியை மெல்லுவது வருத்தமாக இருக்கிறது.

கடைக்கார அம்மா வைக்கும் டால் கறிக்கு இந்த வட்டாரத்தில் ஈடு கிடையாது. பருப்பு கரைந்தும் கரையாமலும் இருக்கும், கத்திரிக்காய் உடையாது, கூட்டம் கூடினாலும் தண்ணீர் ஊற்றி நீட்ட மாட்டார்கள். இன்னொரு கரண்டி கேட்டாலும் காசு கேட்பதில்லை. புளி தூக்கலான மீன் கறியும் அப்படித்தான்.

ஞாயிறுதான் போக முடியும் என்றால் தோசை சொல்லுங்கள். ரொட்டியேதான் வேண்டுமென்றால், உட்காரும்போதே "அடுக்கினது வேண்டாம், புதுசா போடுங்க" என்று சொல்லிவிடுங்கள், போட்டுத் தருவார்கள். ஞாயிறு ரொட்டிக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் கொடுக்க மனம் வருகிறது.