42,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கைவிரித்துவிட்டார்கள்: எம்.எஃப்.ஏ. 'போர்ட்ஃபோலியோ பேக்கேஜ்' கட்டப் போகிறவர்கள் படிக்கவும்

கோபத்தில்தான் எழுதுகிறோம். ஆறப்போட்டு எழுதலாம் என்றால் அதற்குள் இன்னும் நாலு பேர் பணம் கட்டிவிடுவார்கள். எம்.எஃப்.ஏ. (முதுகலை நுண்கலை) சேர நினைக்கும் பி.எஃப்.ஏ. (இளங்கலை நுண்கலை) கடைசி வருஷத்தில் இருப்பவர்களைக் குறிவைத்து, போர்ட்ஃபோலியோ (படைப்புகளின் தொகுப்பு) தயாரிப்பு, க்யூட்-பிஜி (முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு) பயிற்சி, சீட் வழிகாட்டல் என்று மூன்றையும் ஒரே கட்டாக விற்கும் ஆன்லைன் நிறுவனம் ஒன்று எங்களிடம் தலைக்கு 42,500 ரூபாய் வாங்கியது. நாங்கள் இரண்டு பேர். ஒருத்தி பதிப்போவியம் (தகட்டிலிருந்து தாளில் அச்செடுக்கும் ஓவியம்), இன்னொருத்தி சிற்பம். பதிவுக்கட்டணம் 5,000, போர்ட்ஃபோலியோ 17,500, 'சீட் வழிகாட்டல்' 20,000. தேர்வுக் கட்டணம் தனி. இதில் எதற்கும் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் இன்றுவரை வரவில்லை.

எப்படி நம்ப வைத்தார்கள் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தவர்களிடமும் அதையேதான் செய்வார்கள். வீடியோ அழைப்பில் வந்த ஆலோசகர் மார்க்கெட்டிங் ஆள் மாதிரிப் பேசவில்லை. எட்சிங் (அமிலத்தால் அரித்த தகட்டிலிருந்து எடுத்த அச்சு) ஒன்றைக் கேமராவில் காட்டியதும், "இந்த டோன் ரோசின் தூவி எடுத்த அக்வாடின்ட்டா, ஸ்ப்ரே அடிச்சதா?" என்று கேட்டார். துத்தநாகத் தகட்டில் ரோசின் என்ற பிசின் பொடியைப் படியவிட்டு, அடியில் சூடு காட்டி ஒட்டவைத்து, நைட்ரிக் அமிலத்தில் படிப்படியாக நிறுத்தி, சாம்பல் படிநிலைகளை எடுக்கிற வேலைதான் ரோசின் அக்வாடின்ட். கையால் செய்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வி வாயில் வரும். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு, சாந்திநிகேதன் விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தில் சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938-இல் செய்த சாந்தால் குடும்பம் சிற்பத்துக்கு முன்னால் மாணவர்கள் நிற்கும் படங்களை அனுப்பினார். "எல்லாம் நம்ம பசங்கதான் சிஸ்டர், போன பேட்ச்." அந்த இடத்தில் சுற்றுலா போகிற யாரும் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். சேர்க்கைக் கடிதத்தையோ மாணவர் அடையாள அட்டையையோ ஒன்றுகூடக் காட்டவில்லை. பணம் ஏறிய பிறகு அந்த ஆலோசகரை எந்த அழைப்பிலும் நாங்கள் பார்க்கவில்லை.

இனி அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள்.

'ஸ்டுடியோ ஷூட்' என்று வந்தவர் கையில் இருந்தது ஒரு ஃபோனும் ஒரு ரிங் லைட்டும். எட்சிங்கை ரிங் லைட்டுக்கு நேர் எதிரே வைத்து எடுத்தால் மை தடித்த இடமெல்லாம் வெள்ளையாகப் பளபளக்கும், அக்வாடின்ட்டின் சாம்பல் படிநிலை மொத்தமும் போய்விடும். அதுதான் நடந்தது. செபியா மையில் எடுத்த பதிப்பு ஆட்டோ திருத்தத்தில் கன்னங்கரேலென்று வந்தது. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எல்லாப் படத்தையும் ஓரம் வெட்டி 'நீட்' ஆக்கித் தந்தார்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நனைத்த 300 ஜி.எஸ்.எம். தாளைத் தகட்டோடு அழுத்த இயந்திரத்தில் ஓட்டும்போது, தகட்டின் விளிம்பு தாளில் ஒரு பள்ளமாகப் பதியும். அந்தப் பிளேட் மார்க்தான் இது தகட்டிலிருந்து வந்த பதிப்பு என்பதற்குச் சாட்சி. அதற்குக் கீழே பென்சிலில் 3/10 (பத்துப் பிரதியில் மூன்றாவது) என்று எடிஷன் எண், நடுவில் தலைப்பு, வலது ஓரம் கையெழுத்து. பதிப்போவியம் படித்த யாரும் முதலில் அந்த விளிம்பைத்தான் பார்ப்பார்கள். இவர்கள் அதை முழுசாக வெட்டி, படத்தை மட்டும் வெள்ளைப் பின்னணியில் ஒட்டிவிட்டார்கள். நேர்காணலில் முதல் கேள்வியே "இது டிஜிட்டல் பிரிண்ட்டா?" என்றுதான் வந்தது. அதற்கு 17,500 ரூபாய்!

சிற்பத்துக்கு இதைவிட மோசம். சுடுமண் உருவம் ஒன்று, 62 செ.மீ. உயரம். ஃபோனின் அகலக் கோண லென்ஸை வைத்துக்கொண்டு மேலிருந்து கிட்டத்தில் எடுத்தால் தலை ஊதிப் பெரிதாகும், கால் சுருங்கும். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துப் பிடித்த உடலின் விகிதம் ஒரு நொடியில் நாசம். ஒரே கோணத்தில் ஒரே படம். அளவும் எழுதவில்லை என்பதால் பார்ப்பவருக்கு அது மேசைமேல் வைக்கிற பொம்மையாகத்தான் தெரியும்.

சரியாக எடுக்க இவ்வளவு பணம் வேண்டவே வேண்டாம். நேரடி வெயில் விழாத வடக்கு ஜன்னல் அல்லது மேகமூட்டப் பகல். தட்டையான வேலை (ஓவியம், பதிப்பு) என்றால் சுவரில் நேராக மாட்டி, ட்ரைபாடில் கேமராவை வேலையின் மையத்துக்கு நேராக வைத்து, நாலு ஓரமும் சட்டகத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோன் என்றால் அகலக் கோணத்தை விட்டுவிட்டு, இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதில் கொஞ்சம் தள்ளி நின்று எடுங்கள். கேமரா என்றால் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8. விளக்கு போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு விளக்கு, இரண்டு பக்கமும் 45 பாகையில். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிடுங்கள். முதல் படத்தில் ஒரு கிரே கார்டை (நடுச்சாம்பல் நிற அட்டை) வைத்து எடுத்தால் பிறகு நிறத்தைச் சரி பார்க்கலாம். சிற்பத்துக்குச் சாம்பல் நிறத் துணி பின்னணி, ஒரு பக்க வெளிச்சம், குறைந்தது மூன்று கோணம், ஒரு நெருக்கப் படம். பதிப்புக்குத் தாளின் ஓரம் முழுக்கத் தெரிகிற படம் ஒன்று கட்டாயம். ஒவ்வொன்றுக்கும் கீழே தலைப்பு, ஊடகம், உயரம் × அகலம் செ.மீ.யில், ஆண்டு, பதிப்புக்குக் கூடவே தகட்டின் அளவும் எடிஷனும். எத்தனை படம், எத்தனை எம்.பி. என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் கையேட்டில் போடுகிறது, அதையே பின்பற்றுங்கள். முடிந்த ஓவியங்களை மட்டும் வைக்காமல் ஸ்கெட்ச் புத்தகத்தின் சில பக்கங்களையும் சேருங்கள். எப்படி யோசிக்கிறீர்கள் என்பது அங்கேதான் தெரியும். இவர்கள் 'அழகா இல்லை' என்று எங்கள் ஸ்கெட்ச் பக்கங்கள் அனைத்தையும் தூக்கிவிட்டார்கள்.

அடுத்தது நோக்க அறிக்கை. 'உங்களுக்கென்றே எழுதியது' என்று தந்ததில் எண்ணெய் வண்ணமும் கேன்வாஸும்தான் என் மூச்சு என்று இருந்தது. விண்ணப்பிப்பவள் நாள் முழுக்கத் தகடும் அமிலமுமாக இருப்பவள். இரண்டு பேரின் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதல் பத்தி, கடைசிப் பத்தி, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. சிற்பக்காரிக்கும் கேன்வாஸ்தான் மூச்சாம். ஒரே துறைக்கு இவர்களிடம் பணம் கட்டிய பத்துப் பேர் விண்ணப்பித்தால், பத்து அறிக்கையும் ஒரே ஆசிரியரின் மேசைக்குத்தான் போகும்.

பயிற்சிப் பாடமாக வந்தது ஒரு தடித்த பி.டி.எஃப். யு.ஜி.சி. நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) காட்சிக்கலைத் தாளின் பழைய கேள்விகளை வெட்டி ஒட்டியது. அதிலும் தப்பு. சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1956 என்று போட்டிருக்கிறார்கள், ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று அதை அமைத்தது 1966. பரோடா நுண்கலைப் புலத்துக்கு 1919, சாந்திநிகேதன் கலாபவனத்துக்கு 1950 என்று மாற்றிப் போட்டிருக்கிறார்கள். உண்மை நேர் தலைகீழ். க்யூட்-பிஜியில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்புக்கு 1 கழிவு. இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்தவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

எங்களை உண்மையிலேயே முடக்கியது விண்ணப்பப் படிவம்தான். 'நாங்களே நிரப்பித் தருகிறோம், தப்பு வராது' என்றார்கள். நிரப்பும்போது தங்கள் மின்னஞ்சலையும் தங்கள் கைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டார்கள். ஓ.டி.பி. அவர்களுக்குப் போகும், கடவுச்சொல் அவர்களிடம் இருக்கும். க்யூட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை திருத்தத்துக்கு நாள் கொடுக்கும்போதும் மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் மாற்ற விடுவதில்லை. ஆக, நம் விண்ணப்பத்தை நாமே திறக்க அவர்களைக் கெஞ்ச வேண்டும். மூன்றாம் தவணை 20,000 வந்து சேர்ந்த பிறகுதான் விண்ணப்ப எண்ணே எங்கள் கைக்கு வந்தது.

சான்றிதழில் இன்னொரு கோளாறு. தமிழ்நாட்டு பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழக இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், 'நான்-கிரீமி லேயர்' (வசதி வரம்பைத் தாண்டாதவர்) என்று குறிப்பிட்டு, நடப்பு நிதியாண்டுக்கு வாங்கிய ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கவும் வேண்டும். இ-சேவை மையத்தில் தனியாக விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும், கையில் கிடைக்க நாளாகும். இவர்கள் எங்கள் பழைய பி.சி. அட்டையை ஏற்றி, ஓ.பி.சி. என்று டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் இது விழுந்தால் பொதுப்பிரிவில்தான் நிற்க வேண்டும்.

'க்யூட் எழுதினா பரோடாவும் அதுலயே வந்துரும்' என்று சொன்னது சுத்தப் பொய். பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் குஜராத் மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே எம்.வி.ஏ. (காட்சிக்கலை முதுகலை) சேர்க்கைக்குத் தனி விண்ணப்பம், தனித் தேர்வு. எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரிக்கும் தனி விண்ணப்பம்தான். சாந்திநிகேதன், காசி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக்கூட க்யூட் மதிப்பெண் வந்தால் மட்டும் இடம் வந்துவிடாது. முடிவு வந்த பிறகு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் நாமே பதிய வேண்டும், அதற்கும் கடைசித் தேதி உண்டு. நுண்கலையில் அதன்பிறகு செய்முறைத் தேர்வு, போர்ட்ஃபோலியோ, நேர்காணல் என்று துறையே பார்ப்பதும் உண்டு. 20,000 ரூபாய் 'சீட் வழிகாட்டலில்' இந்தத் தேதிகளில் ஒன்றைக்கூட எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவு முடிந்ததே எங்களுக்கு வெளியாள் சொல்லித்தான் தெரிந்தது.

கேட்டபோது கிடைத்த பதில்கள்: "சார் மீட்டிங்ல இருக்கார் சிஸ்டர்." "டிக்கெட் போடுங்க, டீம் பார்க்கும்." டிக்கெட் போட்டால் மறுநாளே 'தீர்க்கப்பட்டது' என்று தானாக மூடிக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. வெட்டிய பிளேட் மார்க்கைப் படத்தோடு காட்டிக் கேட்டதற்கு, "அது டிசைனரோட கிரியேட்டிவ் முடிவு" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சு மாறியது. "சர்வீஸ் டெலிவர் ஆயிருச்சு, பாலிசியில ரிஃபண்ட் கிடையாது." இன்னும் அழுத்திக் கேட்டபோது, அடுத்த வருஷப் பேட்ச்சுக்குப் பாதி விலையில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். 42,500 ரூபாயைத் தின்றுவிட்டு, இன்னும் கட்டு என்கிறார்கள். பகுதிநேரமாகக் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு எடுத்துச் சேர்த்த காசு, வீட்டில் சங்கிலி அடகு வைத்த காசு. இருவருக்கும் சேர்த்து 85,000.

விவரமாக வழிகாட்டிப் பதிவு எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தோம், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: விண்ணப்பத்தில் சொந்த மின்னஞ்சல், சொந்த எண், சொந்தக் கடவுச்சொல் தவிர வேறெதுவும் போகக் கூடாது. 'சீட்' என்ற சொல்லுக்குப் பணம் கேட்கும் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஓ.பி.சி. சான்றிதழ் ஏப்ரல் பிறந்ததும் வாங்கிவிடுங்கள். அசல் வேலைகளை, தகடுகளை எவனிடமும் ஒப்படைக்காதீர்கள். போர்ட்ஃபோலியோவை உங்கள் சீனியர் ஒருவரிடமும் துறை ஆசிரியர் ஒருவரிடமும் காட்டுங்கள், காசில்லாமல் சொல்வார்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் வாட்ஸ்அப் உரையாடல், யு.பி.ஐ. ரசீது, விளம்பரப் படம் எல்லாவற்றையும் அவர்கள் அழிப்பதற்குள் சேமித்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையப் பண மோசடி என்றால் 1930. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாது. நாங்கள் 1915-இல் பதிந்துவிட்டோம். அது நடப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை, கேட்காதீர்கள். அவர்களிடம் கடவுச்சொல் கொடுத்து வைத்திருப்பவர்கள் இதைப் படித்து முடித்த கையோடு போய் மாற்றுங்கள். பல்கலைக்கழகத் தளங்களில் பதிவு இன்னும் திறந்திருந்தால் இன்று இரவே உங்கள் சொந்த எண்ணில் பதிந்துவிடுங்கள்.