கீர்க்ககோரா நீட்ஷேயா, யாரோட காதல் கடைசி வரைக்கும் எழுத வெச்சுது?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு பழைய தேக்கு அலமாரிய பார்த்ததும் எனக்கு டென்மார்க் தத்துவவாதி கீர்க்ககோர் ஞாபகம் வந்துடுச்சு. 1840ல ரெகீனாங்கிற பொண்ணோட கல்யாண நிச்சயம், 1841ல அவரே முறிச்சுட்டாரு, 1847ல அவங்க வேற ஒருத்தர கட்டிக்கிட்டாங்க, ஆனா மனுஷன் மறக்கவே இல்ல, சின்ன அலமாரிக்குள்ள கூட இருந்துக்குவேன், உங்களோட இருந்தா போதும்னு அவங்க எப்பவோ சொன்னத வெச்சு தட்டே இல்லாம ஒரு ரோஸ்வுட் அலமாரி செய்யச் சொல்லி, உள்ள தன் புத்தகங்கள்ல ரெண்டு பிரதி வெச்சாரு, ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு தனக்கு. படிச்சப்ப தொண்டை அடைச்சுடுச்சு.

ஜெர்மன் தத்துவவாதி நீட்ஷே 1882ல ரோம்ல லூ சலோமிங்கிற பொண்ண பார்த்தாரு, கட்டிக்கிறியான்னு கேட்டாரு, அவங்க மாட்டேன்னுட்டாங்க, 1883ல அவரோட ஜரதுஷ்ட்ரா புத்தகத்தோட முதல் பாகம் வந்துச்சு. அதுவும் பெரிய வலிதான், ஆனா ஒரு சூறாவளி மாதிரி அடிச்சுட்டு போனதாத்தான் எனக்குப் படுது.

என் ஓட்டு கீர்க்ககோருக்குத்தான். வீட்டு வளவுல உக்காந்து எங்க ஆயாகிட்ட, அதான் பாட்டிகிட்ட, இதச் சொன்னேன். "வேணாம்னவனே காலம்பூரா சுமந்திருக்கானேப்பா"ன்னு சொல்லிட்டு ஆயா ரொம்ப நேரம் பேசாம இருந்தாக. 1855ல கீர்க்ககோர் செத்தப்ப எல்லாமே ரெகீனாவுக்குன்னு எழுதி வெச்சிருந்தாரு, ஆனா ரெகீனா சொத்து வேண்டாம்னுட்டாங்க.