என்கோடர் போச்சு என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்

சின்ன விமானம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கண்ட்ரோலரின் ரேடார் திரையில் தெரிந்த என் உயரம், என் முன்னால் உயரம் காட்டும் ஆல்டிமீட்டரோடு சில உயரங்களில் ஒத்துப்போனது, சில உயரங்களில் நூற்றுக்கணக்கான அடி தள்ளி இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஆல்டிமீட்டர் குமிழைத் திருகி அன்றைய அழுத்தத்தை ஒழுங்காக வைத்தால் ரேடாரிலும் சரியாகிவிடும் என்றார்கள். இது சுத்தப் பொய். காற்றழுத்தத்தை அளந்து உயரத்தை ரேடாருக்கான குறியீடாக மாற்றும் கருவிதான் என்கோடர். அதற்கும் அந்தக் குமிழுக்கும் சம்பந்தமே இல்லை, அது எப்போதும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற பொதுவான அழுத்த அளவை வைத்துத்தான் உயரம் சொல்லும், உள்ளூர் அழுத்தத்துக்கான திருத்தம் தரையில் ரேடார் கணினியில் நடப்பது.

அப்புறம் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கருவிகளுக்குக் கொண்டுவரும் ஸ்டாட்டிக் குழாயில் கசிவு என்று ஒரு பில். என் விமானத்தில் ஆல்டிமீட்டரும் என்கோடரும் ஒரே குழாயிலிருந்துதான் அழுத்தம் எடுக்கின்றன, கசிந்தால் இரண்டும் சேர்ந்துதானே தப்பு காட்டும்? கேட்டதற்குப் பதில் இல்லை. கடைசியாக என்கோடரே போச்சு என்று புதுசு மாட்டி அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்கள். கோளாறு அப்படியே இருந்தது.

வேறொரு டெக்னீஷியன்தான் கண்டுபிடித்தார். இந்தப் பழைய வகை என்கோடரிலிருந்து, ரேடாருக்குப் பதில் சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்பாண்டருக்கு ஒன்பது பத்து மெல்லிய கம்பிகள் போகும், எந்தெந்தக் கம்பியில் சிக்னல் இருக்கிறது என்பதுதான் உயரத்தின் குறியீடு, ஒவ்வொரு 100 அடிக்கும் ஒரே ஒரு கம்பியின் நிலை மட்டும் மாறும். அதில் ஒன்று அறுந்தாலோ பின் தளர்ந்தாலோ, அந்தக் கம்பி தேவைப்படும் உயரங்களில் மட்டும் கணக்கு தாவும், மற்ற இடங்களில் சரியாகவே இருக்கும். என் விமானத்தில் கனெக்டரில் ஒரு பின் பின்னால் நழுவியிருந்தது, அவ்வளவுதான். சோதனைக் கருவியை மாட்டி உயரத்தைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஆனால் அப்படிச் சோதித்ததாக அந்த முதல் ஒர்க்‌ஷாப்காரர்கள் எனக்குக் கையெழுத்துப் போட்ட தாள் தந்திருக்கிறார்கள்! அதில் என்கோடர் அனுப்பிய உயரம் 2,340 அடி, 4,870 அடி என்றெல்லாம் இருக்கிறது. 100 அடிப் படிகளில் மட்டுமே பேசத் தெரிந்த கருவி 2,340 என்று எப்படிச் சொல்லும்? உட்கார்ந்து எழுதிய எண்கள் அவை. இதுதான் எனக்கு ஆறவே இல்லை. பெரிய விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி ஏறு, இறங்கு என்று விமானிக்குக் கட்டளை கொடுப்பது நம் டிரான்ஸ்பாண்டர் சொல்லும் இந்த உயரத்தை நம்பித்தான், அந்த விமானத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்!

ஒர்க்‌ஷாப்பில் விடும்போது சோதனையை நேரில் பார்க்கக் கேளுங்கள். ஆல்டிமீட்டரை 1013-இல் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும், அமெரிக்க விதிப்படி வித்தியாசம் 125 அடிக்குள் இருக்க வேண்டும். பழைய என்கோடர்களுக்குச் சூடேற நேரம் பிடிக்கும், ஆன் செய்த உடனே வரும் தப்பான எண்ணைக் காட்டி யாராவது புதுசு விற்கப் பார்த்தால் கொஞ்சம் காத்திருந்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய கருவியைக் கையோடு வாங்கிவிடுங்கள். என்னுடையதை அவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை, எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன், அந்தத் தாளின் நகலோடு விமானப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் புகாரும் கொடுத்திருக்கிறேன்.