மோட்டார் மேல் குறையில்லை, போர்டு மேல்தான் கோபம்

போன மாதம் ஹால் ஃபேனுக்கு, அதன் மோட்டாரை ஓட்டுகிற எலெக்ட்ரானிக் போர்டை மாற்றினேன். அன்றிலிருந்து இரண்டாம் நம்பரில் வைத்தால் ஃபேன் உறுமுகிறது. மூன்றில் இல்லை, ஐந்தில் இல்லை, இரண்டில் மட்டும். நாங்கள் ராத்திரி வைப்பதே இரண்டில்தான். இந்த எரிச்சலில் இருக்கும்போதுதான் மச்சினன் போன் செய்து, "அத்தான், புது வீட்டுக்கு எல்லாமே பி.எல்.டி.சி ஃபேனா போட்டுடலாமா?" என்று கேட்டான். பி.எல்.டி.சி என்றால் பிரஷ் இல்லாத டி.சி மோட்டார். என் ஹால் ஃபேனும் அந்த ரகம்தான். எத்தனை வாட், எத்தனை நட்சத்திரம், ரிமோட்டில் என்னென்ன பட்டன் என்பதெல்லாம் டப்பாவிலேயே இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

போர்டு போனபோது எலெக்ட்ரீஷியன் ஃபேனை இறக்கி முழுசாகப் பிரித்தார். நடுவில் ராடோடு சேர்ந்து அசையாமல் நிற்கிற ஸ்டேட்டர். அதில் 12 பல், ஒவ்வொன்றிலும் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. அதைச் சுற்றி வெளிக்கூடு. கூட்டின் உட்சுவரில் வட முனை, தென் முனை என்று மாறி மாறி ஒட்டிய காந்தங்கள். இறக்கைகள் அந்தக் கூட்டில்தான் திருகப்பட்டிருக்கின்றன. காயில் கூரையோடு கட்டிக்கிடக்க, கூடுதான் சுற்றுகிறது.

இந்த அமைப்பே பி.எல்.டி.சி-யோடு வந்த புதுமை என்று கடைகளில் சொல்கிறார்கள். கிடையாது. தாத்தா காலத்து சீலிங் ஃபேனிலும் காயில் உள்ளேதான், சுற்றுவது வெளிக்கூடுதான். டேபிள் ஃபேன்தான் நேர் எதிர்: அங்கே காயில் வெளியே, நடுத் தண்டு சுற்றும். பழைய சீலிங் ஃபேனின் கூட்டில் காந்தம் இல்லை, அலுமினியக் கம்பிக் கூண்டு இருக்கிறது. உள்ளேயிருக்கும் காயில் அந்தக் கூண்டில் கரண்டைத் தூண்டி, அந்தக் கரண்டால் காந்தத்தன்மையை உண்டாக்கி, அப்புறம் அதையே இழுத்துக்கொண்டு சுற்ற வேண்டும். காந்தத்தை உண்டாக்கவே கொஞ்சம் மின்சாரம் சூடாகிப் போகிறது. நாள் முழுக்க ஓடிய பழைய ஃபேனை நிறுத்திக் கூட்டைத் தொட்டுப் பாருங்கள், சுடும். என் ஹால் ஃபேனைத் தொட்டால் ஒன்றும் தெரியாது. பழையது 75 வாட் குடித்த இடத்தில் இது 30 வாட்டில் ஓடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

வெளிக்கூடு சுற்றுவதில் இன்னொரு லாபம். கதவைக் கீல் பக்கம் தள்ளுவதற்கும் கைப்பிடிப் பக்கம் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும். காந்தம் நடுத் தண்டில் இல்லாமல் வெளி விளிம்பில் இருப்பதால், அதே இழுவிசை மையத்திலிருந்து தள்ளி வேலை செய்கிறது, திருப்புவிசை கூடுகிறது. கியர் எதுவும் இல்லாமல் நிமிடத்துக்கு 350 சுற்று என்ற மெதுவான வேகத்தில் மூன்று பெரிய இறக்கைகளை இழுக்க இது போதும். சுற்றச் சுற்ற மையவிலக்கு விசை காந்தங்களைக் கூட்டுச் சுவரோடு அழுத்துகிறது. காந்தம் நடுத் தண்டில் இருக்கிற மோட்டாரில் அதே விசை காந்தத்தைப் பிய்த்து எறியப் பார்க்கும், அதனால் மேலே உறை போட்டுக் கட்டுவார்கள். ட்ரோன் மோட்டார், கம்ப்யூட்டருக்குள் ஓடும் குட்டி ஃபேன், சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த மின்சார ஸ்கூட்டர் எல்லாம் இந்த ஜாதிதான். ஸ்கூட்டரில் அச்சு நிற்கிறது, கூடே சக்கரமாகச் சுற்றுகிறது.

வாங்கும்போது நான் எதிர்பார்க்காத சுகம் ஒன்று உண்டு. எங்கள் தெருவில் கோடை சாயங்காலங்களில் வோல்டேஜ் இறங்கும். 170, 180 என்று வந்துவிட்டால் இன்னொரு ரூமில் இருக்கிற பழைய ஃபேனின் இறக்கையை எண்ணிவிடலாம். ஹால் ஃபேன் அசராது. வருகிற கரண்டை முதலில் டி.சி-யாக மாற்றித் தனக்கு வேண்டிய அளவுக்குச் சரிசெய்துகொண்டுதான் மோட்டாருக்கு அனுப்புகிறது. இன்வெர்ட்டரில் ஓடும்போதும் இதே கதை. சதுர அலை இன்வெர்ட்டரில் பழைய ஃபேன் "உம்ம்ம்" என்று இழுக்கும். இது வாயைத் திறக்காது. கரண்ட் கட்டான ராத்திரிகளில் பேட்டரி விடியும்வரை தாங்குகிறது. ஒன்றாம் நம்பரில் வைத்தால் ஐந்தாறு வாட்தான். கரண்ட் பில்லும் குறைந்தது. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 40 யூனிட் மிச்சம்.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

இந்த மோட்டாரில் தேய்வதற்கு இரண்டு பேரிங் தவிர ஒன்றுமில்லை. கார்பன் பிரஷ் இல்லை, கண்டென்சர் வைத்து ஓட்டுகிற வேலையும் இல்லை. ஆனால் போர்டு இல்லாமல் இது வெறும் இரும்பும் காந்தமும். காயில்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்திருக்கின்றன. எந்தக் கூட்டத்துக்கு எந்த நொடியில் கரண்ட் என்று போர்டுதான் முடிவு செய்கிறது. காந்தம் ஒரு பல்லுக்கு நேரே வருவதற்குள் அடுத்ததை உசுப்பிவிட வேண்டும். என் ஃபேனில் காந்தம் நிற்கும் இடத்தைச் சொல்லத் தனி சென்சார் கிடையாது. ஓடும்போது காயிலைக் காந்தம் கடக்கையில் அதில் ஒரு சின்ன வோல்டேஜ் உண்டாகும், அதை வைத்துக் கணக்குப் போடுகிறது. நிற்கும்போது அந்த வோல்டேஜ் ஏது? அதனால்தான் ஆன் செய்ததும் ஒரு பக்கம் லேசாக ஆடி, கொஞ்சம் யோசித்து, அப்புறம் கிளம்பும். முதல் நாள் அம்மா, "டேய், ஃபேன் பின்னாடி சுத்துதுடா" என்று கத்தியது இதற்குத்தான்.

இடி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு ராத்திரி அந்தப் போர்டு செத்தது. கம்பெனியில் கேட்டால் அந்த மாடலுக்குப் போர்டு வருவதில்லையாம், "புது ஃபேன் எடுத்துக்குங்க சார்" என்கிறார்கள். மோட்டார் முழுசாக, புதுசு போல இருக்கிறது. எதற்கு எடுக்க வேண்டும்? பழைய ஃபேனுக்கு என்ன ஆனாலும் தெருமுனையில் தீர்ந்துவிடும். வேகம் குறைந்தால் கண்டென்சர், சத்தம் வந்தால் பேரிங், எரிந்துபோனால் காயில் கட்டுகிற கடை. இதைக் காயில்காரரிடம் கொண்டுபோனால், "காயில் நல்லாத்தான் இருக்கு, எனக்கு இதுல வேலை இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.

கடைசியில் எலெக்ட்ரீஷியன் எந்த ஃபேனுக்கும் பொருந்தும் என்று விற்கிற போர்டு ஒன்றை வாங்கிவந்து போட்டார். ஃபேன் சுற்றுகிறது, ரிமோட்டும் வேலை செய்கிறது, இரண்டாம் நம்பரில் உறுமுகிறது. பேரிங் என்று சந்தேகப்பட்டு அவரே கையால் சுற்றிப் பார்த்தார், வெண்ணெய் போல ஓடியது. சங்கதி போர்டில்தான். பழைய போர்டு காயில்களுக்குக் கரண்டை வழுவழுப்பான அலையாக ஏற்றி இறக்கிக் கொடுத்தது. இந்த மலிவுப் போர்டு அந்த அலையின் ஒரு சுழற்சியை ஆறு படியாக வெட்டி, தட்டித் தட்டி அனுப்புகிறது. படிக்குப் படி கூட்டுக்கு ஒரு சின்ன உதை. வேகமாக ஓடினால் காற்றுச் சத்தத்தில் அது மறைந்துவிடும். இரண்டாம் நம்பர் வேகத்தில் அந்த உதை ராடோடும் கூரைக் கொக்கியோடும் ஒத்துப்போகிறது போல, வீடே கேட்கிறது. மோட்டார் அதே மோட்டார், காந்தம் அதே காந்தம். குரல் மட்டும் வேறு.

மச்சினனிடம் "வாங்காதே" என்றுதான் சொன்னேன். அவன் விடவில்லை: "அப்போ உங்க ரூம்ல இருக்கிற இன்னொரு பி.எல்.டி.சி-யைக் கழட்டி எனக்குக் கொடுத்துடுங்களேன்." அது முடியாது. அதில் இன்னும் கம்பெனிப் போர்டு உயிரோடு இருக்கிறது, இரண்டாம் நம்பரில் மூச்சுக்கூடக் கேட்காது. வெயில் காலத்தில் அதன் கீழே படுத்தவன் பழையதற்குத் திரும்ப மாட்டான்.

ஆனாலும் என் பதில் மாறவில்லை: வாங்காதே. பிடிவாதமாக வாங்கித்தான் தீருவேன் என்றால், சுவரில் இருக்கிற பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேரே இணைப்புக் கொடுக்கச் சொல்லு. அது கரண்டை வெட்டி அனுப்பினால் போர்டு சீக்கிரம் போகும். ஃபேன் எடுக்கிற அன்றைக்கே அதே மாடலுக்கு ஒரு போர்டும் சேர்த்து எடுத்துப் பரணில் போட்டு வை. போர்டைத் தனியாகத் தர முடியாது என்று கடைக்காரர் சொன்னால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நட.