ராக்கபில்லி கிடாருக்கு எந்த எக்கோ? டேப், அனலாக், டிஜிட்டல்: ஓர் ஒப்பீட்டு அலசல்

கன்ட்ரியும் ப்ளூஸும் கலந்து 1950களில் அமெரிக்காவில் பிறந்த ராக் அண்ட் ரோல் வகையான ராக்கபில்லியை வாசிக்கத் தொடங்கும் எவரும் சில வாரங்களிலேயே இந்தச் சிக்கலுக்கு வந்து சேர்வார்கள். கிடார் சரியாக இருக்கும், ஆம்ப் (கிடாரின் ஒலிபெருக்கி) பரவாயில்லாமல் இருக்கும், விரலும் ஓரளவு படிந்திருக்கும். ஆனாலும் 1950களின் ரெக்கார்டுகளில் கேட்கிற அந்தத் துள்ளல் மட்டும் வராது. பெரும்பாலும் விடுபட்டிருப்பது எக்கோதான். சரி, ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போனால் டேப், அனலாக், டிஜிட்டல் என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். இரண்டு விநாடி தாமதம், பத்து மோடுகள், ஸ்டீரியோ என்று பெட்டிமேல் எழுதியிருக்கும்.

இந்த இசைக்கு அவற்றில் அநேகமாக எதுவுமே தேவையில்லை. ராக்கபில்லிக்கு வேண்டியது ஒரே ஒரு எதிரொலி. வாசித்த சுரத்துக்குப் பின்னால் 100 முதல் 140 மில்லி விநாடிக்குள் ஒருமுறை வந்து, உடனே அடங்கிவிட வேண்டும். ஸ்லாப்பேக் என்பது இதைத்தான். அதனால் நான் எந்தக் கருவியையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: அந்த ஒற்றை எதிரொலியை இது எப்படித் தருகிறது?

இந்த ஓசை பிறந்தது டேப் மெஷினில். மெம்ஃபிஸ் நகரில் யூனியன் அவென்யூ 706ஆம் எண் கட்டடத்தில் ரெக்கார்டு தயாரிப்பாளர் சாம் ஃபிலிப்ஸ் 1950இல் ஸ்டுடியோ திறந்தார். பிறகு சன் ஸ்டுடியோ என்று பெயர் பெற்றது அதுதான். அங்கே இரண்டு ஆம்பெக்ஸ் டேப் மெஷின்கள் இருந்தன. ஒன்றில் ரெக்கார்டிங் நடக்கும். அதே ஒலி இரண்டாவது மெஷினுக்கும் போகும். அதில் பதியும் ஹெட்டைத் தாண்டி வாசிக்கும் ஹெட்டுக்கு டேப் வந்து சேர ஆகும் நேரம்தான் தாமதம். இரண்டு ஹெட்டுக்கும் இடைவெளி 2 அங்குலம், டேப் ஓடுவது விநாடிக்கு 15 அங்குலம் என்றால் 133 மில்லி விநாடி. கையால் உணர்ந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு பெரிய வெட்டவெளியில், தனியாக நிற்கும் சுவரிலிருந்து 22 மீட்டர் தள்ளி நின்று கை தட்டுங்கள். சத்தம் போய்த் திரும்பிவர ஏறக்குறைய அதே நேரம் ஆகும்.

1954 ஜூலையில் எல்விஸ் பிரெஸ்லி அங்கே பாடியபோது கூட இருந்தவர்கள் இரண்டே பேர்: கிடாரில் ஸ்காட்டி மூர், டபுள் பேஸில் பில் பிளாக். டிரம்ஸ் கிடையாது. டிரம்ஸ் இல்லாத அந்தக் குழுவில் எக்கோ வெறும் அலங்காரமாக இருக்கவில்லை, பாதித் தாளத்தை அதுதான் தாங்கியது. பின்பாட்டுக்காரர் அடியை வாங்கித் திருப்பிப் போடுவதுபோல, ஒவ்வொரு தட்டலுக்கும் பின்னால் இன்னொரு தட்டல் விழுகிறது. ஸ்லாப்பேக்கைத் தாளமாகக் கேட்கப் பழகிவிட்டால் எக்கோ பெடல் (காலால் அழுத்தி இயக்கும் சிறு பெட்டி) தேர்வு பாதி முடிந்தது.

முதலில் ரிவெர்பை ஒதுக்கிவிடலாம். "ஆம்பிலேயே ரிவெர்ப் இருக்கிறதே, போதாதா?" என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. ரிவெர்ப் என்பது காலியான கல்யாண மண்டபத்தில் பேசுவதுபோல. ஓசை பரவிக் கலங்கிவிடும், அதில் தாளம் இருக்காது. 1956 ஜனவரியில் எல்விஸ் ஆர்.சி.ஏ. இசைத்தட்டு நிறுவனத்துக்காக நாஷ்வில்லில் முதன்முதலாகப் பாடியபோது, சாம் ஃபிலிப்ஸின் உத்தி அங்கிருந்த பொறியாளர்களுக்குப் பிடிபடவில்லை. கட்டடத்தின் நடைகூடத்தையே எக்கோ அறையாக்கி ஒப்பேற்றினார்கள். அங்கே பதிவான "ஹார்ட்பிரேக் ஹோட்டல்" பாட்டையும் சன் பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு உடனே புரியும். ஒன்று ஆழமான இருட்டு, மற்றது துள்ளல். ஃபெண்டர் ஆம்ப்களுக்குள் ஸ்பிரிங் ரிவெர்ப் வந்ததே 1963இல்தான். ராக்கபில்லியின் பொற்காலம் அதற்குள் முடிந்துவிட்டது.

இனி டேப் கருவிகள். ஸ்டுடியோவில் பிறந்த ஓசையை மேடைக்குக் கொண்டுவந்தவர் இல்லினாய் மாநிலம் கெய்ரோ ஊரில் கடை வைத்திருந்த ரே பட்ஸ். ஆம்புக்குள்ளேயே டேப் எக்கோவை வைத்து எக்கோசானிக் என்று ஒன்றைச் செய்தார். கன்ட்ரி கிடார் கலைஞர் செட் அட்கின்ஸ் வாங்கினார், 1955இல் ஸ்காட்டி மூர் வாங்கினார், ராக்கபில்லிப் பாடகர் கார்ல் பெர்கின்ஸும் வாங்கினார். மொத்தம் செய்தது எழுபதுக்கும் குறைவு, அதனால் இன்று அது அருங்காட்சியகப் பொருள் மாதிரி. அதற்கு அடுத்து மைக் பேட்டில் வடிவமைத்த எக்கோபிளெக்ஸ், இங்கிலாந்தில் சார்லி வாட்கின்ஸின் காப்பிகேட், 1974இல் ரோலண்டின் ஸ்பேஸ் எக்கோ ஆர்.இ-201 என்று வரிசையாக வந்தன. 80களில் ராக்கபில்லிக்கு மறுவாழ்வு கொடுத்த பிரையன் செட்சர் ரோலண்ட் ஆர்.இ-301ஐயும் 1963 ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்பையும் சேர்த்து வாசிப்பவர்.

டேப் எதிரொலியின் அழகு அது அசலின் நகல் என்பதில்தான் இருக்கிறது. டேப்பில் ஏறும்போது கூர்மையான முனை மழுங்குகிறது, மேல் ஸ்தாயி கொஞ்சம் குறைகிறது, சத்தத்தின் ஏற்ற இறக்கம் அமுங்குகிறது. அதனால் எதிரொலி கிடாருக்குப் பின்னால் ஒரு அடி தள்ளி நிற்கிறது, சுரத்தோடு முட்டுவதில்லை. இன்னொரு லாபமும் உண்டு. டேப் மெஷினின் உள்ளே இருக்கும் பிரீஆம்ப் (சிக்னலை முதலில் பெருக்கும் பகுதி), எக்கோவைக் குறைத்து வைத்தாலும் கிடாருக்கு ஒரு கனம் தருகிறது. எக்கோபிளெக்ஸ் இ.பி-3இன் பிரீஆம்பை மட்டும் தனியாக எடுத்து இன்று பெடலாக விற்கிறார்கள் என்றால் பாருங்கள்.

இவ்வளவு சொன்ன நானே இதை எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பழைய டேப் மெஷின் ஒன்றை நான் சில காலம் வைத்திருந்தேன். ஓசை அபாரம். ஆனால் ஹெட்டைத் துடைக்க வேண்டும், டேப்பை மாற்ற வேண்டும், ரப்பர் உருளை பிசுபிசுத்தால் தேடி அலைய வேண்டும். ஒருநாள் மேடையில் டேப் ஒட்டு விட்டுப்போய், மீதிப் பாட்டுகளை எக்கோ இல்லாமலே வாசித்தேன். அமெரிக்காவிலிருந்து பழைய மெஷின் வரவழைக்க நினைப்பவர்கள் இதையும் கவனியுங்கள்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அங்கே 60. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. மின் அலைவெண்ணை நம்பி ஓடும் மோட்டார் இங்கே மெதுவாகச் சுற்றும், எக்கோ நேரமும் அதற்கேற்ப நீளும். வீட்டில் ரெக்கார்டிங் செய்பவராக, பழுது பார்ப்பதில் விருப்பமுள்ளவராக இருந்தால் டேப் வாங்குங்கள். மற்றவர்களுக்கு அடுத்த வகையே நல்லது.

அனலாக் டிலே என்று விற்கப்படும் பெடல்களுக்குள் இருப்பது பக்கெட் பிரிகேட் சிப். தீப்பிடித்த இடத்துக்கு ஆட்கள் வரிசையில் நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல, சிக்னலை ஆயிரக்கணக்கான சிறு மின்தேக்கிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தள்ளிவிடுகின்றன. பிலிப்ஸ் நிறுவனத்தில் 1969இல் உருவான யோசனை இது. வழியில் மேல் ஸ்தாயி வடிகட்டப்படுவதால் எதிரொலி இருண்டு, மென்மையாகிறது. டேப்பும் இதுவும் ஒன்றல்ல, ஆனால் எதிரொலி பின்னால் ஒதுங்கி நிற்கிற அந்தக் குணம் இரண்டுக்கும் பொது. இந்தச் சிப்புக்குத் தாமதம் நீண்டால்தான் திணறல், கரகரப்பு எல்லாம். 130 மில்லி விநாடி அதற்குச் சுலபமான வேலை. அனலாக் டிலேயைக் குறை சொல்பவர்கள் அநேகமாக அரை விநாடி தாமதத்தை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். ராக்கபில்லிக்கு அந்தக் குறை பொருந்தாது.

இந்த வகைக்குள் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கிறேன். பாஸ் நிறுவனத்தின் டி.எம்-2 1981இல் வந்தது, தாமதம் 20 முதல் 300 மில்லி விநாடி. பிறகு வாசா கிராஃப்ட் வரிசையில் டி.எம்-2டபிள்யூ என்று திரும்ப வந்ததில் பழைய 300 மோடும் உண்டு, 800 வரை போகும் இன்னொரு மோடும் உண்டு. எம்.எக்ஸ்.ஆர். கார்பன் காப்பி 600 மில்லி விநாடி வரை போகும். காகிதத்தில் பார்த்தால் கார்பன் காப்பிதான் தாராளம். கையில் எடுத்தால் நிலைமை வேறு. 600 வரை போகும் குமிழில் நமக்கு வேண்டிய 100 முதல் 140 வரை ஒரு சின்னத் துண்டுக்குள் அடங்கிவிடும். மேடை இருட்டில் நூலளவு திருப்பினாலும் தாண்டிப்போகும். 300 வரை மட்டும் போகும் டி.எம்-2இல் அதே துண்டு இரண்டு மடங்கு அகலம். கார்பன் காப்பியின் எதிரொலி இன்னும் இருண்டது, மெதுவான பாட்டுக்கு மிக அழகு. வேகமான விரல் வேலைக்கு எனக்கு டி.எம்-2இன் தெளிவுதான் பிடிக்கிறது. கார்பன் காப்பியில் இருக்கும் மாடுலேஷன் (எதிரொலியின் சுருதியை லேசாக அலைய விடும்) பொத்தானை அணைத்தே வையுங்கள், ஸ்லாப்பேக்கில் அந்த அலைச்சல் சுருதி விலகியதுபோல ஒலிக்கும்.

விலை குறைந்த பெடல்கள் பலவற்றில் பி.டி.2399 என்ற சிப் இருக்கும். அனலாக் ஓசை என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சிப் டிஜிட்டல்தான். தாமதம் 300ஐத் தாண்டத் தாண்ட இரைச்சல் ஏறும். ஸ்லாப்பேக் நேரத்திலோ ஆச்சரியப்படும்படி நன்றாக ஒலிக்கும். முதல் எக்கோ வாங்கும் மாணவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

டிஜிட்டல் டிலே துல்லியமானது. பாஸ் டி.டி-3இல் 50 முதல் 200 மில்லி விநாடி வரைக்கென்றே ஒரு மோடு இருக்கிறது, ஸ்லாப்பேக் நேரம் அதன் நடுவிலேயே விழும். சிக்கல் அதன் சுத்தம். எதிரொலி அசலைப் போலவே கூர்மையாக வருவதால், இரண்டு கிடார்கள் தாளம் தவறி வாசிப்பதுபோலத் தோன்றும். கிரெட்ச் கிடாரின் பளீர் பிக்கப்பில் இது இன்னும் உறுத்தும். ஏற்கெனவே கையில் டிஜிட்டல் பெடல் இருக்கிறதா? விற்க வேண்டாம். எக்கோ அளவை வழக்கத்தைவிடக் குறைத்து, பெடலை லேசாக உடையும் (ஒலி சற்றே கரகரக்கும்) ஆம்புக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். ஆம்பே எதிரொலியின் முனையை மழுக்கிவிடும்.

டேப்பைப் போலி செய்யும் டிஜிட்டல் பெடல்கள் தனி வகை. ஸ்ட்ரைமன் எல் கேபிஸ்டனும் பாஸ் ஆர்.இ-202உம் இதில் முன்னணி. டேப்பின் வயது, மோட்டாரின் நடுக்கம் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. ஓசையில் அனலாக் பெடல்களைவிட டேப்புக்கு இவைதான் நெருக்கம், இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் விலை அதிகம், ஒற்றை எதிரொலிக்காக மட்டும் வாங்குவது வீண். சர்ஃப், கன்ட்ரி, பாலட் எல்லாம் ஒரே மேடையில் வாசிப்பவருக்குச் சரியான பொருள். அவர்களும் நடுக்கத்தைக் குறைவாகவே வைக்கட்டும். நல்ல நிலையில் இருந்த ஆம்பெக்ஸ் மெஷின் தள்ளாடி ஓடவில்லை.

எதை வாங்கினாலும் அமைக்கும் முறை ஒன்றுதான். எதிரொலி எத்தனை முறை திரும்ப வரும் என்பதை ஆளும் ஃபீட்பேக்கை முழுக்கக் குறையுங்கள். தந்திகளை இடது கையால் அடக்கி ஒருமுறை தட்டுங்கள்: "டக்" என்பது "டக்-கு" என்று கேட்க வேண்டும். நேரத்தைப் பாட்டின் வேகத்தோடு சேருங்கள். ஷஃபிள் நடையில் ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும். நிமிடத்துக்கு 160 அடி என்றால் ஒரு பங்கு 125 மில்லி விநாடி, 200 என்றால் 100. எதிரொலி அந்தப் பங்கில் விழுந்தால் பாட்டு தானே உருளும். மெதுவான பாட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, காது சொல்வதைக் கேளுங்கள். அளவை எதிரொலி தனியாகக் கேட்கும்வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்குங்கள்.

கடைசியாக, பெடலை எங்கே வைப்பது? சன் ரெக்கார்டுகளில் எக்கோ ஆம்புக்குப் பிறகு, மைக்கைத் தாண்டி, குரலுக்கும் சேர்த்து விழுந்தது. அந்த ஓசை வேண்டுமென்றால் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் பிரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே பெடலைச் செருகும் இடம்) வையுங்கள், அல்லது ரெக்கார்ட் செய்த பிறகு கணினியில் சேருங்கள். எக்கோசானிக்கில் அசலும் எதிரொலியும் ஒரே பவர் ஆம்ப் வழியாக வந்தன. ஆம்புக்கு முன்னால் பெடலை வைப்பது அதற்கு அருகில் வரும். அதில் ஒன்று கவனிக்க வேண்டும். ஆம்ப் அதிகம் உடைந்தால் அசல் அமுங்கி, எதிரொலி மேலே ஏறி வந்துவிடும். அப்போது எக்கோவைக் குறைப்பதற்கு முன் கிடாரின் வால்யூமைக் கால் பங்கு இறக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே சரியாகிவிடும்.